இடிமழைக்குப் பிறகு அணையும் எல்.ஈ.டி. விளக்குகள்: குமரி மாவட்டத்துக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்பு வழிகாட்டி

பங்குனி, சித்திரையில் மதியம் சாய்ந்தால் மலைப்பக்கம் கறுக்கும். குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறை பக்கம் ஆரம்பிக்கும் இடி கொஞ்ச நேரத்தில் மார்த்தாண்டம், தக்கலை வரை இறங்கிவிடும். மறுநாள் காலையில் எலெக்ட்ரீசியனுக்குப் போன் வரும்: "அண்ணே, காம்பவுண்டு லைட்டு நாலும் எரியல்ல." ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான்.

பழைய சோடியம் விளக்குகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அதன் சோக்கு இரும்பும் செம்புக் கம்பியுமாக இருந்ததால் அடியைத் தாங்கியது. எல்.ஈ.டி. விளக்கில் அந்த இடத்தில் டிரைவர் என்ற எலெக்ட்ரானிக் போர்டு உட்கார்ந்திருக்கிறது. எல்.ஈ.டி.க்கு வேண்டிய அளவில் கரண்டைக் கொடுப்பதும் அதுதான், இடிக்கு முதலில் போவதும் அதுதான். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், முந்திரி ஆலை, பள்ளி, ஆலய வளாகம் என்று வெளிவிளக்குகளை வைத்துப் பராமரிப்பவர்களுக்கும், அங்கே வேலை செய்யும் வயர்மேன்களுக்கும் இதை எழுதுகிறேன். ஈ.பி. போஸ்ட்டில் இருக்கிற எதையும் நாம் தொடக்கூடாது. நம் மீட்டருக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. அந்த வேலையையும் லைசன்ஸ் உள்ளவரை வைத்து, கரண்டை நிறுத்திவிட்டு, வானம் தெளிந்திருக்கும் நாளில் செய்யுங்கள்.

லைனில் கண நேரம் திடீரென்று பாயும் உயர் வோல்டேஜ் அடிக்குத்தான் சர்ஜ் என்று பெயர். அதைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர், அதாவது எஸ்.பி.டி., எப்படி வேலை செய்கிறது? குளத்து மறுகால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் மறுகால் வழியாகப் போய்விடும், கரை தப்பிக்கும். ஆனால் மறுகாலுக்குக் கீழே ஓடை அடைத்துக் கிடந்தால் கரைதான் உடையும். எஸ்.பி.டி.க்கு அந்த ஓடை எர்த். கடையில் நல்ல எஸ்.பி.டி.யாகக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர். எர்த்தை அளந்து பார்த்துவிட்டு அதை மாட்டுகிறவர்கள் குறைவு. நம் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் பணம் வீணாவது இங்கேதான்.

1. செத்த விளக்கைத் திறந்து பாருங்கள்

எதனால் போனது என்று தெரியாமல் பாதுகாப்பு வாங்காதீர்கள். மழைக்குப் பிறகு விளக்கு அணைந்தால் எல்லாரும் இடி மேல் பழி போடுவார்கள். உள்ளே திறந்தால் வேறு கதை தெரியும்.

டிரைவரின் உள்ளே கரண்ட் நுழையும் பக்கத்தில் ஒரு ஃபியூசும், அதை ஒட்டி வட்டமான, பெரும்பாலும் நீல நிறத் துண்டு ஒன்றும் இருக்கும். அதுதான் வேரிஸ்டர், வோல்டேஜ் மிஞ்சினால் கடத்தி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அது வெடித்துப் பிளந்து, பக்கத்துப் போர்டில் கரி படிந்திருந்தால் உயர் மின்னழுத்தம் உள்ளே வந்திருக்கிறது. டிரைவர் நன்றாக இருந்து, எல்.ஈ.டி. தட்டில் ஒன்றிரண்டு சில்லுகளில் மட்டும் ஊசி முனை அளவு கருப்புப் புள்ளி தெரிந்தால், சர்ஜ் எல்.ஈ.டி.யிலிருந்து அலுமினிய உடம்புக்குத் தாவியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாதுகாப்பு இல்லாத விளக்கில்தான் இது நடக்கும். ஒரே லைனில் பல விளக்குகள் ஒரே இரவில் போயிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

கப்பாசிட்டர் தலை உப்பி இருக்கிறது, அதே நேரத்தில் கடைக்குள் ஃபேனோ ஃபிரிட்ஜோ போயிருக்கிறது, விளக்கு அணைவதற்கு முன் கண்ணைக் கூசும்படி எரிந்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். அப்படியானால் அது இடி இல்லை, நியூட்ரல் அறுந்தது. அதற்கு எஸ்.பி.டி. மருந்து இல்லை. பின்னால் சொல்கிறேன்.

கடற்கரைப் பக்கம் மூன்றாவது வகை ஒன்று உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கத்து விளக்குகளைத் திறந்தால் டெர்மினலில் பச்சைப் பூப்பு பிடித்திருக்கும், கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாகத் தண்ணீர் இறங்கிய தடம் இருக்கும். அங்கே முதலில் செய்ய வேண்டியது தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ஐ.பி. 66 விளக்கு, சரியான அளவு கிளாண்ட், கேபிள் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு. உப்புக் காற்று தின்ற விளக்குக்கு எஸ்.பி.டி. வாங்கி மாட்டிப் பயனில்லை.

2. லைனை ஒரு தாளில் வரையுங்கள்

மீட்டரிலிருந்து கடைசி விளக்கு வரை கோடு போட்டு, ஒவ்வொரு நீளத்தையும் எழுதுங்கள். எந்தக் கேபிள் தலைக்கு மேலே போகிறது, எது மண்ணுக்குள் போகிறது, எந்த இடத்தில் தென்னை குறுக்கிடுகிறது, ஜெனரேட்டர் எங்கே சேர்கிறது என்று குறியுங்கள்.

இடி நம் வளாகத்தில் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. மின்னலின் முதல் வீச்சில் ஓடும் கரண்ட் சராசரியாக 30 கிலோ ஆம்பியர் அளவில் இருக்கும். அது தூரத்தில் விழுந்தாலும் நீண்ட ஒயர்களில் வோல்டேஜைத் தூண்டிவிடும். மண்ணுக்குள் கேபிள் போகிறதே, பயமில்லை என்பதும் சரியில்லை. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தமே உயர்ந்து, கேபிள் வழியாகத் தாழ்ந்த இடம் தேடி ஓடும். ஆர்மர் கேபிள், அதாவது இரும்புக் கம்பி உறை உள்ள கேபிள், போட்டிருந்தால் இரு முனையிலும் ஆர்மரை எர்த்தில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேட் பக்கத்து முனையை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுவது வழக்கமாகவே இருக்கிறது.

இடி மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்றில் ஈ.பி. லைன்கள் ஒன்றோடொன்று உரசும். ஆலையில் பெரிய மோட்டார் நிற்கும்போதும், ஜெனரேட்டரிலிருந்து ஈ.பி.க்கு மாற்றும்போதும் சின்னச் சின்ன அடிகள் வரும். அவை ஒரே நாளில் விளக்கைக் கொல்லாது. வேரிஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும்.

3. எர்த்: இங்கே நேரம் செலவழியுங்கள்

மாவட்டம் சின்னது, மண் பல விதம். விளவங்கோடு, கல்குளம் மேட்டு நிலங்களில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். கோடையில் காய்ந்தால் கரண்ட் இறங்கவே மறுக்கும். மலையடிவாரத்தில் சில இடங்களில் நாலடி தோண்டினால் பாறை. கடற்கரையில் ஈர மணல் கரண்டை நன்றாக இழுக்கும், ஆனால் ஜி.ஐ. பைப்பை அரித்துவிடும்.

கடலோரத்து வளாகம் ஒன்றில் எர்த் பைப்பின் மேல்பாகம் பச்சைப் பெயின்ட் பளபளக்க நின்றது. சிமென்ட் தொட்டி, மூடி, எல்லாம் ஒழுங்கு. பைப்பை ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் ஒரு அடிக்குக் கீழே பைப்பே இல்லை, துருதான். அதன் மேல் மூன்று விளக்குக் கம்பங்களின் எர்த் ஒயரும் அழகாக லக் போட்டு முறுக்கப்பட்டிருந்தது.

கண்ணால் பார்த்தால் போதாது, எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். செய்முறை இது:

கரண்டை நிறுத்திவிட்டு, அளக்க வேண்டிய எர்த் கம்பியை இணைப்பிலிருந்து கழற்றுங்கள். அதிலிருந்து நேர்கோட்டில் 30 மீட்டர் தள்ளி ஒரு ஆணியை அடியுங்கள், அது கரண்ட் ஆணி. அதே கோட்டில் ஏறக்குறைய 18.5 மீட்டரில், அதாவது 62 சதவீதத் தூரத்தில், இரண்டாவது ஆணி. அளவு எடுங்கள். பிறகு இந்த நடு ஆணியை மட்டும் ஒரு மீட்டர் முன்னும் ஒரு மீட்டர் பின்னும் நகர்த்தி மறுபடி அளங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். பெரிய வித்தியாசம் வந்தால் கரண்ட் ஆணியை இன்னும் தள்ளி அடித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

இடிதாங்கிகளுக்கான ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 62305 தரம் 10 ஓம்முக்குக் கீழே இருப்பதைப் பரிந்துரைக்கிறது. விளக்குக் கம்பங்களுக்கும் அதையே இலக்காக வையுங்கள். மழைக்காலத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது வரும் எண்தான் கணக்கு.

எண் கூடுதலாக இருந்தால் என்ன செய்வது? வெட்டுக்கல் மண்ணில் ஒரே குழியில் உப்பும் கரியும் கொட்டுவது பழைய வழி. முதல் வருடம் நன்றாக இருக்கும். நம் ஊர் மழை இரண்டு பருவமும் கழுவினால் உப்பு போய்விடும், பைப்பும் அரிக்கும். 3 மீட்டர் செம்பு பூசிய ராடைச் சுற்றி பெண்டோனைட் களிமண் நிரப்புவது மேல், ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரு ராடு போதாவிட்டால் இரண்டாவதைக் குறைந்தது அதன் நீளத்தின் இரண்டு மடங்கு தள்ளிப் போட்டு, மண்ணுக்குள்ளேயே பட்டையால் இணையுங்கள். ஒட்டி ஒட்டிப் போட்டால் பலன் குறைவு. பாறை வந்துவிட்டால் ஆழத்தை விட்டுவிட்டு, பட்டையைக் கிடையாக நீளப் புதைப்பதுதான் வழி.

இன்னொன்று. இடிதாங்கிக்கு ஒரு எர்த், மெயின் போர்டுக்கு ஒரு எர்த், கேமராவுக்கு ஒரு எர்த் என்று வைத்துவிட்டு, "இடி எர்த்து தனியா கெடக்கட்டும்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. இது ஆபத்து. இடி இறங்கும் நொடியில் ஒரு எர்த்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது நம் கருவிகள் வழியாகத்தான் தாவும். குழிகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும்.

4. மெயின் போர்டில் முதல் காவல்

கட்டடத்தின் மேல் இடிதாங்கி இருந்தால் மெயின் போர்டில் டைப் 1, அல்லது டைப் 1+2 எஸ்.பி.டி. வேண்டும். நேரடி மின்னல் கரண்டின் ஒரு பங்கைத் தாங்கும் வகை அது. மின்னல் அடியைப் போலச் சோதிக்கும் 10/350 மைக்ரோ செகண்ட் அலையில் ஒரு லைனுக்கு 12.5 கிலோ ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள். இடிதாங்கி இல்லாத கடைக்கு டைப் 2 போதும். அதைவிடக் குறுகிய 8/20 அலையில் 20 கிலோ ஆம்பியர், உச்சம் 40 என்று எழுதியது கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

நம் கடைகள், வீடுகள் பெரும்பாலும் சொந்த எர்த்தை நம்பியே இருக்கின்றன. அந்த அமைப்புக்கு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் கேஸ் டியூப், அதாவது வாயு அடைத்த குழாய், உள்ளதைக் கேளுங்கள். சிங்கிள் ஃபேஸில் 1+1, த்ரீ ஃபேஸில் 3+1 என்பார்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் எஸ்.பி.டி. அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து, இரவு முழுக்க வளாகம் இருட்டாகக் கிடக்கும். எஸ்.பி.டி.க்கு முன்னால் தயாரிப்பாளர் சொன்ன அளவில் ஃபியூஸ் அல்லது எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) கட்டாயம். எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சர்ஜ் மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடும், எம்.சி.பி. அதற்குள் அசையக்கூட அசையாது.

5. விளக்குப் பக்கத்தில் இரண்டாவது காவல்

போர்டில் ஒன்று போட்டாயிற்று, எல்லா விளக்கும் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. எஸ்.பி.டி.யின் காப்பு ஏறக்குறைய 10 மீட்டர் ஒயர் நீளத்துக்குத்தான் நம்பகமானது. கம்பத்துக்குக் கம்பம் 25, 30 மீட்டர் இருக்கும் வளாகத்தில் கடைசி விளக்குக்கு மெயின் போர்டு எஸ்.பி.டி. ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு கம்பத்துக்கும் தனியாக வேண்டும். கடை முகப்பில் வரிசையாக ஃப்ளட் லைட் என்றால் குழுவுக்கு ஒன்று போதும்.

விளக்கு வாங்கும்போதே டிரைவரின் தாங்குதிறனைக் கேளுங்கள். 25 வாட்டுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு ஐ.ஈ.சி. 61547 கேட்கும் அடிப்படை, ஃபேஸ்-நியூட்ரலுக்கு 1 கிலோவோல்ட், எர்த்துக்கு 2 கிலோவோல்ட். வெளிவிளக்குக்கு இது போதவே போதாது. நல்ல தெருவிளக்கு டிரைவர்கள் 4, 6 கிலோவோல்ட் தாங்கும். அதற்கு வெளியே 10 கிலோவோல்ட், 10 கிலோ ஆம்பியர் எஸ்.பி.டி. சேர்ப்பதுதான் வழக்கம். மேட்டுப்பாங்கான திறந்த இடம் என்றால் 20 கிலோவோல்ட் வகை.

எஸ்.பி.டி. லேபிளில் மூன்றைப் படியுங்கள். தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ், அதாவது யு.சி.: 275 என்றும் கிடைக்கும், 320 வாங்குங்கள், நம் லைனின் ஏற்ற இறக்கத்துக்கு அதுதான் சரி. விளக்குக்கு விட்டுவைக்கும் வோல்டேஜ், யு.பி.: 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழ், எப்படியும் டிரைவரின் தாங்குதிறனைவிடக் குறைவாக. மூன்றாவது, வேரிஸ்டர் சூடேறினால் தானாகத் துண்டிக்கும் தெர்மல் பாதுகாப்பு. இது இல்லாத மலிவு டப்பா, தீப்பிடிக்கும் டப்பா.

சீரிஸா, பேரலலா? பேரலலாக மாட்டினால் எஸ்.பி.டி. செத்த பிறகும் விளக்கு எரியும், அடுத்த இடிக்கு டிரைவர் போகும். சீரிஸில் எஸ்.பி.டி. செத்தால் விளக்கும் அணையும், மாற்ற வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். யாராவது தினமும் பார்க்கும் வளாகத்துக்கு சீரிஸ் என்பதே என் கட்சி. கேட், படிக்கட்டு, கடலோரப் பாதை போல இருட்டானால் ஆபத்து வரும் இடத்தில் மட்டும் பேரலல்.

விளக்கின் உடம்பு பிளாஸ்டிக், எர்த் ஒயரே இல்லாத வகை என்றால் அதற்கென்று வரும் இரண்டு ஒயர் எஸ்.பி.டி.யை வாங்குங்கள். மூன்று ஒயர் வகையை வாங்கிப் பச்சை ஒயரை வெட்டி மடக்கி விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடையை அடைத்துவிட்டு மறுகால் கட்டுவதுதான் அது.

6. ஒயர் நீளம்

சர்ஜ் ஓடும்போது சாதாரண ஒயரும் தடுப்பாகிவிடும். ஒரு மீட்டர் ஒயரில் 10 கிலோ ஆம்பியர் சர்ஜ் பாய்ந்தால் ஏறக்குறைய 1,000 வோல்ட் அதிலேயே விழும். அந்த 1,000 எஸ்.பி.டி.யின் 1,500 உடன் கூடி விளக்குக்குப் போகும். நல்ல கம்பெனி எஸ்.பி.டி. வாங்கியும் விளக்கு போவதற்கு இது பெரிய காரணம்.

அதனால் ஃபேஸிலிருந்து எஸ்.பி.டி.க்கும், எஸ்.பி.டி.யிலிருந்து எர்த் பாருக்கும் (எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டை) போகும் ஒயர்களைக் கூட்டினால் அரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். போர்டில் எஸ்.பி.டி.யை எர்த் பாருக்குப் பக்கத்தில் வையுங்கள், அழகுக்காக மேல் வரிசையில் வேண்டாம். மிச்ச ஒயரை வட்டமாகச் சுற்றி டை போட்டு வைப்பது வயர்மேன்களின் கைப்பழக்கம், மற்ற இடத்தில் நல்லதுதான். இங்கே அந்தச் சுருளே தடுப்பு. வெட்டி எறியுங்கள். எர்த் ஒயர் டைப் 2க்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, டைப் 1க்கு 16. எஸ்.பி.டி.க்கு வரும் ஒயரும் விளக்குக்குப் போகும் ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடக்கூடாது.

விளக்குக்குள் வைப்பதானால் டிரைவர் தலையில் ஒட்ட வேண்டாம், அங்கே சூடு. கம்பத்தின் அடிப்பெட்டியில் வைப்பதானால் தண்ணீர் தேங்கும் உயரத்துக்கு மேலே வையுங்கள்.

7. நியூட்ரல் போனால் எஸ்.பி.டி.யும் போகும்

தென்னை மட்டை விழுந்து லைன் அறுவது நம் ஊரில் வருடம் முழுக்க நடப்பது. ரப்பர் கிளையும் அப்படித்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், லோடு குறைந்த ஃபேஸில் இருப்பவருக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் பக்கம் ஏறலாம். இது மைக்ரோ செகண்ட் சமாச்சாரம் இல்லை, நிமிடக்கணக்கில் நிற்கும். 320 வோல்ட் வேரிஸ்டர் ஒவ்வொரு அலைக்கும் கடத்திக் கடத்திச் சூடேறித் தானே எரிந்துபோகும்.

இதற்கு ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் பார்த்துத் துண்டிக்கும் ரிலே வேண்டும். 270 வோல்ட் சுமாருக்கு வெட்டி, லைன் சீரான பிறகு சில நிமிடம் பொறுத்துச் சேர்க்கும்படி வையுங்கள். விளக்கு லைனுக்கு ஏற்கெனவே டைமரும் கான்டாக்டரும் இருந்தால் ரிலேயை அந்தக் கான்டாக்டரோடு சேர்ப்பது சுலபம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகை ஜெனரேட்டர் ஏற்றுகிற மண்டபங்களுக்கு இது இரட்டிப்பாக வேண்டும்.

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்தை நியூட்ரலாக்கி விளக்கை எரிய வைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பத்தைத் தொடும் பிள்ளைக்கு அது உயிராபத்து.

8. கேமரா, டிம்மிங், சோலார்

கம்பத்தில் கேமரா இருந்தால் அதன் நெட்வொர்க் கேபிளும் இடிக்கு ஒரு வாசல். அதற்கு தனி எஸ்.பி.டி., இரு முனையிலும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டாலி, 0-10 வோல்ட் டிம்மிங் ஒயர்களுக்கும் அப்படியே. சோலார் விளக்கில் பேனல் ஒயர் நீளமாக ஓடினால் டி.சி.க்கென்று உள்ள எஸ்.பி.டி. வாங்க வேண்டும். ஏ.சி. எஸ்.பி.டி.யை அங்கே மாட்டக்கூடாது.

ஹை மாஸ்ட் என்ற மிக உயரமான விளக்குக் கம்பம், ஆலயக் கோபுரத்தின் மேல் விளக்கு: இவை நேரடி இடி வாங்கும் உயரம். விளக்குக்கு மேலே நிற்கும் இடிதாங்கி முனை, அடியில் சொந்த எர்த் (அதையும் மற்ற எர்த்துகளோடு இணைத்து), அடிப்போர்டில் டைப் 1. இடிதாங்கிப் பட்டையோடு விளக்குக் கேபிளைச் சேர்த்துக் கட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

9. சோதனையும் பராமரிப்பும்

வேலை முடிந்ததும் கேபிளின் இன்சுலேஷனை மெகர் என்ற கருவி வைத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன் எஸ்.பி.டி.களைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் 500 வோல்ட்டில் வேரிஸ்டர் கடத்தி, நல்ல கேபிளையும் கெட்டது என்று காட்டும். திரும்ப மாட்ட மறந்துவிடுவதும் உண்டு, ஆகவே கழற்றியதை எண்ணி வையுங்கள்.

வருடத்தில் இரண்டு தடவை, பங்குனிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், எஸ்.பி.டி.யின் சிறு ஜன்னலைப் பாருங்கள். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். பெரிய இடிக்கு மறுநாளும் ஒரு பார்வை. எர்த்தை மாசியில் அளந்து, தேதியோடு போர்டுக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். கடலோரத்தில் இணைப்புகளைக் கழற்றித் துரு தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மறுபடி முறுக்க வேண்டும்.

கைக்காசு ஒரே தடவை செய்யப் போதாவிட்டால் வரிசை இது: எர்த், ஓவர் வோல்டேஜ் ரிலே, மெயின் போர்டு எஸ்.பி.டி., கடைசிக் கம்பத்திலிருந்து தொடங்கி விளக்கு எஸ்.பி.டி.கள். விளக்கு வாங்கும் பில்லில் சர்ஜ் தாங்குதிறனை கிலோவோல்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் இடியால் வந்த சேதம் சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.